முந்நூற்றுப் பன்னிரண்டு ஆமென்

செம்பாக்கம் ஏரிக்கரைச் சபையின் முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களும் தங்கள் சொந்த விவரங்களை ஒரு கம்பெனிக்குக் கொடுக்க மனப்பூர்வமாகச் சம்மதித்தது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. இதில் நேரம் முக்கியம். ஆராதனை பதினொன்றரைக்கு முடிந்திருக்க வேண்டும். பிரசங்கம் நீண்டுவிட்டது. வெளியே வெயிலில் வண்டி சீட்டுகள் தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தன. வீடுகளில் மசாலா தடவிய கோழி ஃபிரிட்ஜுக்குள் காத்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில்தான் போதகர் அறிவிப்புத் தாளின் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார்.

"நம்ம ஜெபக் குழுவுக்கு ஒரு ஆப் வந்திருக்கு. 'சபைத்துணை'ன்னு பேரு. இலவசம். உங்க பேர், போன் நம்பர், பிறந்த நாள், ஜெப விண்ணப்பம் எல்லாத்தையும் அதுல ஏத்திடுவாங்க. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"ஆமென்" என்றது சபை.

வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு சிங்கத்தைச் சபைக்குத் தத்தெடுக்கப் போகிறோம், சம்மதம்தானே என்று கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அதே ஆமென்தான், அதே சுருதியில் வந்திருக்கும். அன்று வந்திருந்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர் இருக்கலாம். வராதவர்களுக்கும், துபாயில் வேலை பார்க்கும் நால்வருக்கும், பதினொரு கைக்குழந்தைகளுக்கும், மூன்றாவது வரிசை ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த கமிட்டி உறுப்பினருக்கும் சேர்த்தே அந்த ஆமென் சொல்லப்பட்டது.

ஜெபக் குழுவின் செயலாளர் கிருபா அதைத் தன் இரண்டு காதாலும் கேட்டாள். அதனால்தான் மறுநாள் ஆப்பில், 'அனைத்து உறுப்பினர்களின் ஒப்புதலையும் பெற்றுள்ளேன்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் டிக் செய்தாள்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வண்டலூர் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கிருபா தலைமை கிளார்க். பதினாறு வருஷ சர்வீஸ். சாதாரண போனஃபைடு சர்ட்டிஃபிகேட்டுக்குக்கூட அப்பா கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, இரண்டு ஜெராக்ஸ் இல்லாமல் அவளுடைய ஜன்னல் திறக்காது. அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வரும் பையன்களை, கையெழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்காக ஒரு விரலால் கையெழுத்துப் போட்டாள். கட்டம் மிகச் சின்னதாக இருந்தது என்பதைத் தவிர அவள் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை.

ஆப்பைக் கொண்டுவந்தவன் உமேஷ் என்ற இளைஞன். பெருங்குடியில் ஆபீஸ். நெற்றியில் காலையில் இட்ட விபூதி லேசாக மிச்சமிருக்க, "ப்ரைஸ் த லார்ட் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோயில்களுக்கு அதே ஆப் வேறு பெயரில் இருக்கிறது என்றும், அங்கே வேறு மாதிரி வணக்கம் சொல்வேன் என்றும் அவனே ஒளிக்காமல் சொன்னான். நல்ல பையன்.

ஆப் வருவதற்கு முன்னால் ஜெபக் குழுவிடம் இருந்தது ஒரு நீள நோட்டு. நீல அட்டை. பதினான்கு வருஷமாக கிருபாதான் அதில் எழுதி வந்தாள். அந்த நோட்டுக்கு எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. வெளியே சொல்லக்கூடிய விண்ணப்பத்துக்குப் பெயர் போடலாம். சொல்ல முடியாததற்கு, 'ஒரு சகோதரரின் சுகத்துக்காக', 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒன்பது பேர் உட்கார்ந்து அந்தச் சகோதரருக்காக ஜெபிப்பார்கள். யார் அந்தச் சகோதரர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு பெயரை யூகித்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம். கேட்க மாட்டார்கள்.

ஆப்புக்கு 'ஒரு சகோதரர்' யாரென்று தெரியவில்லை.

ஜூலை முதல் ஞாயிறு, சபை வாசலில் செருப்பு மாட்டும்போது தனசிங் சார் கிருபாவின் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவள் கணவன் ஃபிரெடிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். காகிதம் எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் எல்லாம் ஒரே அளவு.

'கழுத்தில் கட்டி. ஸ்கேன் முடிந்தது. ஊசி டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் 23 வியாழன். புஷ்பத்துக்குத் தெரியாது. மகள் பிரசவத்துக்கு 25 சனி மெல்போர்ன் போகிறாள். தெரிந்தால் போக மாட்டாள். ஒரு சகோதரர் என்று போடவும்.'

அந்த வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு கிருபா ஆப்பைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் 'ஒரு சகோதரர்' என்று அடித்தாள். சிவப்பு எழுத்தில் மறுத்தது. உறுப்பினர் பட்டியலிலிருந்துதான் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அடுத்து வகை: மூட்டு, கட்டி–ஸ்கேன், குழந்தையின்மை, வெளிநாடு, திருமணத் தாமதம், படிப்பு, இதர. 'இதர'வை அமுக்கினாள். குறைந்தது ஐம்பது வார்த்தைகளில் விளக்கவும் என்றது. ஜன்னலுக்கு வெளியே போனஃபைடு வாங்க எட்டுப் பேர் நின்றார்கள். தனசிங் என்று தேர்ந்தெடுத்தாள். கட்டி–ஸ்கேன் என்று தேர்ந்தெடுத்தாள். 'ஜெபக் குழுவினருக்கும் அனுப்பவா?' என்றதற்கு மட்டும் 'வேண்டாம்' அமுக்கினாள்; அவர்களிடம் 'ஒரு சகோதரர்' என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம். மீதியை ஆப்பே நிரப்பிக்கொண்டது: குடும்ப எண், முகவரி, வயது அறுபத்து மூன்று.

குடும்பத்துக்கு ஒரு நம்பர்தான். தனசிங் சாருடையது பட்டன் போன். அதனால் சபைப் பட்டியலில் இருந்தது புஷ்பத்தின் நம்பர். அப்போது கிருபா இதைக் கவனிக்கவில்லை. தயிர் சாதம் ஆறிக்கிடந்தது, அதாவது ஏற்கெனவே ஆறியது இன்னும் ஆறியது.

அடுத்த ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், தனக்கோடி அம்மாள் எழுந்து நின்றாள். எழுந்ததே ஒரு சாட்சிதான். ஒரு வருஷமாக உட்கார்ந்தபடியேதான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். என் முழங்காலுக்காக ஜெபிக்கச் சொல்லிப் போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விண்ணப்பம் குடுத்தேன். திங்கக்கிழமை காலைல போன் வருது. வேளச்சேரி பக்கம் ஒரு மூட்டு ஆஸ்பத்திரி. 'அம்மா, உங்க முழங்கால் எப்படி இருக்கு?'ன்னு கேக்கறா அந்தப் பொண்ணு. நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் நம்பர் குடுக்கல. யாருகிட்டயும் சொல்லல. என் நம்பரை அவங்களுக்கு யார் குடுத்தது?"

கொஞ்சம் நிறுத்தினாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கர்த்தர் குடுத்தார்!"

"அல்லேலூயா!" என்று கூரை அதிர்ந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு ஆல்வின் எழுந்தான். தாம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். "எனக்கும் பிரதர்ஸ். கனடா போறதுக்கு ஜெபம் கேட்டேன். மூணே நாள். மூணு ஏஜென்சி. 'ஆல்வின் சார், எப்போ கிளம்புறீங்க?'ன்னு கேக்கறாங்க. பேர் சொல்லிக் கூப்புடறாங்கப்பா! நான் எதிர்பாக்கவே இல்ல."

மறுபடி அல்லேலூயா. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆராதனையில் பரவசப்படாத ஒரே ஆள் கிருபா. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகில் வியர்த்தது. தனக்கோடி அம்மாளின் நம்பரைக் கொடுத்தது கர்த்தர் இல்லை, தான்தான் என்பது பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி, இரண்டு வரிசை முன்னால் மெல்போர்ன் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் பற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்த புஷ்பத்தின் பின்னந்தலையைப் பார்த்ததும் புரிந்தது.

ஏதோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ ஒரு பெண், 'மேடம், சாரோட கழுத்துக் கட்டி இப்போ எப்படி இருக்கு?' என்று அன்பாகக் கேட்கப்போகிறாள். எப்போது என்பதுதான் தெரியாது.

ஆனால் கிருபா கிளார்க். சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்ல மாட்டாள், ஆவணம் வேண்டும். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து ஆப்பில் ஒரு பொய் விண்ணப்பம் போட்டாள். உறுப்பினர்: ஃபிரெடி. இதர. ஐம்பது வார்த்தை. கணவரின் குறட்டை குறித்து ஐம்பது வார்த்தை எழுதுவது அவளுக்குச் சிரமமாக இல்லை. நூற்றிருபதில் போய் நின்றது. கண்டிப்பாகப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. குழுவுக்கு அனுப்ப 'வேண்டாம்' என்று அமுக்க மட்டும் இந்தத் தடவை மறந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஃபிரெடி அவளுடைய ஆபீஸ் நம்பருக்கே போன் செய்தான். படப்பையில் ஒரு கம்பெனி கிடங்கில் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் கூப்பிடும் பழக்கமே இல்லாதவன்.

"ஏண்டி, எவனோ தூக்க கிளினிக்காம். 'சார், உங்க குறட்டையால மேடம் பாதிக்கப்பட்டிருக்காங்க'ங்கறான்."

"வந்துடுச்சா!" என்றாள் கிருபா.

"என்ன, வந்துடுச்சாவா? நான் லோடு இறக்கிட்டிருக்கேன், ஸ்பீக்கர்ல போட்டு எடுத்தேன். ஆறு பேர் கேட்டுட்டானுங்க. இப்ப கிரேன்காரன் என்னைப் பார்த்து 'கொர்'ருங்கறான்."

"டெஸ்ட்டுக்காகப் போட்டேங்க. சாயங்காலம் சொல்றேன்."

"அது மட்டும் இல்ல. காலைல உங்க ஜெபக் குழு எபி அண்ணன் ரயில்வே கேட் பக்கம் வண்டிய நிறுத்தி, கையப் புடிச்சுகினு, 'பிரதர், நாங்க ஒன்பது பேரும் உங்க மூக்குக்காகப் பாரப்பட்டு ஜெபிக்கிறோம்'ங்கறாரு. எனக்கு எதுவும் புரியல, நானும் ஆமென்னுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "என் குறட்டை, கிருபா. என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

கேட்டிருக்க வேண்டும். கம்பெனி செய்ததைக் கண்டுபிடிக்கத் தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டாள். ஃபிரெடி அதை உடனே ஏற்கவில்லை; வருகிற ஞாயிறு மீன் என்று முடிவானதும் ஏற்றுக்கொண்டான்.

போனை வைத்த கையோடு உமேஷைக் கூப்பிட்டாள்.

"ப்ரைஸ் த லார்ட் சிஸ்டர்!"

"அது கெடக்கட்டும் தம்பி. எங்க சபை நம்பரையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரனுக்கு வித்தீங்களா?"

"ஐயோ, விக்கல சிஸ்டர். பார்ட்னர்ஸ்கூட ஷேர் பண்றோம்."

"முழங்கால் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பார்ட்னரா?"

"வெல்னெஸ் பார்ட்னர் சிஸ்டர். எட்டாவது பக்கத்துல இருக்கு."

"நாங்க யாரும் அதுக்கு ஒத்துக்கலையே."

"ஒத்துக்கிட்டிருக்கீங்க சிஸ்டர். ஜூன் பதினஞ்சு, காலைல பத்து நாப்பத்தொண்ணு." கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். "எல்லார் சார்பாவும் நீங்கதான். உங்க பேர் பச்சைல வருது."

கிருபா எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை பையன்களை இதே ஜன்னலில் நிற்கவைத்து, 'கையெழுத்துப் போட்டியே, படிச்சியா?' என்று கேட்டிருப்பாள்.

"சரி. அழிச்சுடுங்க எல்லாத்தையும்."

"அழிக்கலாம் சிஸ்டர், உங்க உரிமை. ரிக்வெஸ்ட் போடுங்க, முப்பது வேலை நாள் ஆகும்."

"சேக்க எத்தனை நாள் ஆச்சு?"

"அது உடனே சிஸ்டர்."

"சேத்த வேகத்துல அழிக்க முடியாதா?"

"அது வேற டீம் சிஸ்டர்" என்றான் உமேஷ். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அது பயிற்சியில் வந்ததா, சொந்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முப்பது வேலை நாள் என்றால் ஆகஸ்ட் கடைசி. சனிக்கிழமை விமானத்துக்கு இருந்தது பதினோரு நாள். எல்லாருடைய பெயரையும் நீக்க ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு, கிருபா ஆப்பைத் துழாவினாள். அழிக்கத்தான் முடியாது, திருத்தலாம். தனசிங் குடும்பம் என்ற பக்கத்துக்குப் போய், புஷ்பத்தின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள். இனிமேல் எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் அது அவளிடம்தான் வந்து சேரும். பதினோரு நாள் அவள் புஷ்பமாக இருக்கத் தயார். 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பச்சையாக ஒரு டிக் வந்தது. பச்சையைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை அவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு புஷ்பம் வந்தாள். ஏரிக்கரையில் நடக்கப் போகும் நேரம். நடைக்கான கான்வாஸ் ஷூவோடேயே வாசலில் நின்றாள். கையில் போன்.

"கிருபா, ஒரு நிமிஷம். இன்னாவோ மெசேஜ் வந்திருக்கும்மா செவ்வாய்க்கெழமையே. இங்கிலீஷ்ல. கண்ணாடி எடுத்துட்டு வரல. படிச்சுச் சொல்லேன்."

கிருபா வாங்கிப் பார்த்தாள். அந்த ஆப் யோக்கியமான ஆப். நம்பரை மாற்றினால் பழைய நம்பருக்குத் தகவல் சொல்லிவிடும். திருமதி புஷ்பம் அவர்களே, உங்கள் குடும்பத் தொடர்பு எண்ணை நிர்வாகி கிருபா மாற்றியுள்ளார். நடப்பு விண்ணப்பம்: தனசிங், உடல்நலம், கட்டி–ஸ்கேன். இதை நீங்கள் கேட்கவில்லை என்றால் இங்கே அமுக்கவும்.

ஆக, எந்த ஆஸ்பத்திரியும் சொல்லாததை, மறைக்கப் போன இவளே சொல்லியிருக்கிறாள்.

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. கிருபா தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தாள். புஷ்பத்தின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பொய் சொல்லலாம், தெரிந்துவிடும். உண்மையைச் சொல்லலாம், ஆனால் அந்த உண்மை அவளுடையது இல்லை. எட்டாக மடித்துக் கொடுத்தவருடையது. ஒரு தடவை அதைக் கொடுத்துத் தொலைத்தாயிற்று. கிருபா மறுபடியும் திரையைப் பார்த்தாள். நோட்டிலிருந்து வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தாள்.

"ஒரு சகோதரரோட சுகத்துக்காக விண்ணப்பம் வந்திருக்கு ஆன்ட்டி. அவ்ளோதான் போட்டிருக்கு."

புஷ்பம் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். திரை அணையும் வரை அதையே பார்த்தாள். இருபது வருஷம் அதே ஜெபக் குழுவில் உட்கார்ந்தவள். யார் என்று கேட்கக் கூடாது என்ற சட்டம் அவளுக்கும் தெரியும்.

"அந்தச் சகோதரருக்கு ரிப்போர்ட் என்னிக்கு வருதாம்?" என்றாள்.

கிருபா நாள்காட்டியைப் பார்க்காமலே சொன்னாள். "வர்ற வியாழக்கிழமை."

"எனக்கு ஃபிளைட் சனிக்கிழமை." விரலில் எண்ணிப் பார்த்தாள். "அப்ப சரி. நல்லபடியா வந்தா ஏறுவேன். இல்லன்னா டிக்கெட்டை மாத்தணும். மாத்தற மாதிரி டிக்கெட்தான் போட்டிருக்கேன், ஆல்வின்கிட்ட சொல்லி. அந்தச் சகோதரருக்கு அது தெரியாது."

"ஆன்ட்டி, உங்களுக்கு… இந்த மெசேஜ் வந்துதான்…"

"மெசேஜா!" புஷ்பம் சிரித்தாள். "சட்டைப் பாக்கெட்டும்மா. துணி ஊறவைக்கறப்ப ஸ்கேன் பில்லு வந்து விழுந்துச்சு. பதினெட்டு நாள் ஆச்சு. கணக்கு வாத்தியார், எல்லாத்தையும் எட்டா மடிப்பாரு, பாக்கெட்டுலயே விட்டுடுவாரு. முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு எல்லா நியூஸும் பாக்கெட்டுலதான் வருது."

"அவர்கிட்ட கேக்கலையா?"

"எதுக்கு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு அந்த மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருக்காரு. சாப்பிடறாரு, தூங்கறாரு. அதைப் போய்க் கெடுக்கணுமா?" ஷூ கயிற்றைச் சரிபார்த்தாள். "ரெண்டு நாளா எவளோ ஒருத்தி போன் பண்ணா, திங்கக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும். 'மேடம்'னு ஆரம்பிச்சதுமே, லோன் வேணாம்மான்னு வெச்சுட்டேன். அவதானா இது?"

"அவளாத்தான் இருக்கும். இனிமே என்னைத்தான் கூப்பிடுவா."

"கூப்பிட்டா நீயும் லோன் வேணாம்னு வெச்சுடு." படியிறங்கினவள் திரும்பினாள். "கிருபா. பேரை ஆப்ல போட்டது தப்பு."

"ஆமா ஆன்ட்டி."

"ம்" என்றாள் புஷ்பம். அவ்வளவுதான். நடக்கப் போய்விட்டாள்.

அந்தப் பெண் வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள். "புஷ்பம் மேடம்? சாருக்கு இப்போ எப்படி இருக்கு? பயப்படாதீங்க மேடம், ஆரம்பத்துலயே பார்த்துட்டா ஒண்ணும் ஆகாது." குரலில் அத்தனை கனிவு. தனசிங் சாரிடம் இந்த மூன்று வாரத்தில் ஒருவரும் இப்படி விசாரித்திருக்க மாட்டார்கள்; யாருக்கும் தெரியாதே. கிருபா ஒரு நொடி பதில் சொல்லிவிட இருந்தாள். பிறகு, "லோன் வேணாம்மா" என்று வைத்துவிட்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் பட்டன் போனிலிருந்து அழைப்பு வந்தது. தனசிங் சார் கத்தித்தான் பேசுவார்.

"கொழுப்புக் கட்டிதான்! எடுக்கவே வேணாம்னுட்டாரு டாக்டர்! புஷ்பத்துகிட்ட இப்பத்தான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ஷாக் ஆகி உக்காந்துட்டா, பாவம். ரெண்டு நிமிஷம் பேச்சே வரல. நல்லவேளை, முன்னாடியே சொல்லல!"

"நல்லவேளை சார்" என்றாள் கிருபா.

சனிக்கிழமை புஷ்பம் ஸ்வெட்டரோடு விமானம் ஏறினாள். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால், வேப்பமரத்தடியில் கிருபா தனசிங் சாரைப் பிடித்தாள். ஆப்பில் பெயர் போட்டதையும், அது கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனதையும், நம்பரை மாற்றியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டைப் பாக்கெட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது ஒரு சகோதரியின் விண்ணப்பம்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். முகம் இறுகியது. திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினார்.

"நீ எழுதினது தப்பு. ஒரு சகோதரர்னு போடச் சொல்லித் தெளிவா எழுதியிருந்தேன். ஆப் ஒத்துக்கலைன்னா, போடாம விட்டிருக்கணும்."

"ஆமா சார்."

"அந்தக் கம்பெனிக்காரன் ஒரு தப்பு." நிறுத்தினார். "அன்னிக்கு நானும்தான் ஆமென் சொன்னேன். பாஸ்டர் என்ன கேட்டாருன்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. கேள்வியைப் படிக்காம விடை எழுதினதுக்கு எத்தனை பசங்களை முட்டி போட வெச்சிருக்கேன். உன் வீட்டுக்காரனையும்தான்."

சாட்சி நேரம் வந்தது. கிருபா எழுந்தாள். தன் முழங்கால் நடுங்குவதை உணர்ந்தாள். அதற்கும் வேளச்சேரியிலிருந்து போன் வருமோ என்று தோன்றியது.

"தனக்கோடி அம்மா, மன்னிச்சுக்கோங்க. உங்க நம்பரை அந்த ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது நான். ஆல்வின், உன்னோடதும் நான்தான். எல்லாரோடதும் நான்தான். படிக்காம டிக் பண்ணிட்டேன்."

ஆல்வின்தான் முதலில் பேசினான்.

"அப்போ கனடா?"

"அது ஏஜென்சி, ஆல்வின்."

"இன்னா சிஸ்டர் இது" என்று உட்கார்ந்தான். "கடையில கனடான்னு கேக் வேற வெட்டிட்டேன்."

போதகர் மைக்கைப் பிடித்தார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. அவருக்கு இதைச் சீக்கிரம் முடிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். "சரி. அந்த ஆப் வேணாம், எல்லார் விவரத்தையும் எடுத்துட்டு, பழையபடி நோட்டுக்கே போயிடலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"ஆமென்" என்றது சபை. அதே சுருதி.

மூன்றாவது வரிசையில் தனசிங் சார் கையைத் தூக்கியபடி எழுந்தார். "பாஸ்டர், கேள்வி என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஐயா, நேரம்…"

"நேரம் ஆகட்டும். சொல்லுங்க. மெதுவா."

போதகர் மெதுவாகச் சொன்னார். உங்கள் பெயர். உங்கள் நம்பர். உங்கள் வியாதி. ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எபி அண்ணன் ஏதோ ஞாபகம் வந்தவராகத் தன் போனை எடுத்துப் பார்த்து, வேகமாகப் பாக்கெட்டில் போட்டார். இந்த முறை ஆமென் சேர்ந்து வரவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து, பெண்கள் பக்கம் தனியாக ஒன்று என்று கலைந்து கலைந்து வந்தது. ஃபிரெடியின் ஆமென் எல்லாவற்றையும் விடச் சத்தமாக இருந்தது.

"நான் மாட்டேன்" என்றது ஒரு குரல்.

தனக்கோடி அம்மாள். எழுந்து நின்றிருந்தாள், அதுவும் கையூன்றாமல்.

"என் பேர் அதுலயே இருக்கட்டும். அந்தப் பொண்ணு வாரா வாரம் போன் பண்ணி, 'அம்மா, சாப்பிட்டீங்களா, முழங்கால் எப்படி இருக்கு'ன்னு கேக்கறா. என் பையன் இதே செம்பாக்கத்துலதான் இருக்கான், அவன் கேக்கறதில்ல. எனக்கு எல்லாம் தெரியுது. அவ காசுக்காகத்தான் கேக்கறா. கேக்கட்டும்."

ஆண்கள் பக்கம் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் என்ன செய்வதென்று கிருபாவைப் பார்த்தார்.

கிருபா பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். புதுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'தனக்கோடி: இருக்கட்டும். கேள்வியைக் கேட்டு, தானே சொன்னது' என்று எழுதினாள். நோட்டை வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்பினாள். தனக்கோடி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதியிருந்ததை முழுசாக ஒரு தடவை வாசித்தாள். சந்தேகம் வந்தவளாக இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.

மணி பன்னிரண்டு இருபது. ஒருவரும் எழுந்து போகவில்லை.